மணலில் அடித்த முளைகள்

அன்புள்ள செல்விக்கு,

முன் அறையில் உன் பெட்டி திறந்தபடி கிடக்கிறது. இரண்டு நாளாக நீயும் உன் அம்மாவும் அதற்குள் நடத்துகிற சண்டையை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ சைக்கிள் பிரேக் கம்பிகளை வைக்கிறாய். அவள் அவற்றை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு ஊறுகாய்ப் புட்டியை வைக்கிறாள். "பாலைவனத்துல என்னடி கெடைக்கும்? கல்லுதான் கெடைக்கும்" என்கிறாள். "ஓமான்ல மலையாளத்துக் கடைங்க நெறைய இருக்காம்மா, ஊறுகாய் விக்கிறாங்களாம்" என்கிறாய். "அவங்க போடுறதும் நான் போடுறதும் ஒண்ணா?" என்று கேட்கிறாள் அவள். பிரேக் கம்பிகள் இப்போது உன் தோள்பைக்குள் போய்விட்டன.

கோயில் ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். வளரும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் சொல்லும் அறிவுரை என்பது தலைப்பு. ஓய்வுபெற்ற வாத்தியார் என்றால் அறிவுரை எப்போதும் கைவசம் இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். மூன்று முறை எழுத உட்கார்ந்தேன். பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை, பெற்றோருக்குச் சொல்லத்தான் நிறைய வந்தது. எனவே கட்டுரையை விட்டுவிட்டு உனக்கு எழுதுகிறேன். நீ படித்துப் பார்த்துச் சரி என்றால் இதையே அவர்களிடம் கொடுத்துவிடுவேன். ஊரார் படித்தால் எனக்குக் கொஞ்சம் தலைகுனிவுதான். ஆனாலும் ஒரு வாத்தியார் தான் செய்த பிழையைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் பின்வரிசைப் பையனும் நிமிர்ந்து உட்காருவான் என்பதை முப்பத்திரண்டு வருஷம் பார்த்திருக்கிறேன்.

முதலில் உனக்குத் தெரிந்த ஒரு பிழை. நீ சுற்றுலாக் கம்பெனியில் சேர்ந்து, மொழிபெயர்ப்பு வேலையிலிருந்து சைக்கிள் பழுதுபார்க்கும் வேலைக்கும், அங்கிருந்து வழிகாட்டி வேலைக்கும் போன அந்த மூன்று வருஷமும் நான் சொந்தக்காரர்களிடம் "ஆபீஸ் வேலை" என்றே சொல்லிவந்தேன். ரங்கூன் போட்டாதாங் படகுத்துறைப் பக்கம் யாராவது என்னை நிறுத்தி, "சார், உங்க பொண்ணு வெள்ளைக்காரங்களோட சைக்கிள்ல சுத்துறாளாமே, காட்டுல கூடாரம் போட்டுத் தூங்குறாளாமே" என்று கேட்டால், "கம்பெனி மேற்பார்வைக்குப் போவா" என்பேன். அது பொய்யில்லை என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொள்வேன். ஒரு நாள் நீ அதைக் கேட்டுவிட்டாய். சண்டை போடவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே கையை நீட்டிக் காட்டினாய். நகத்துக்குள்ளெல்லாம் கருப்பு கிரீஸ். "எங்க ஆபீஸ் மை இந்தக் கலர்லதாம்பா இருக்கும்" என்றாய். உன் அம்மா சிரித்தாள். நான் பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

உனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது நான்தான் என்று இப்போது எல்லாரிடமும் பெருமையாகச் சொல்கிறேன். எண்பத்தெட்டுப் போராட்டத்தில் பள்ளிகள் மாதக்கணக்காக மூடிக்கிடந்தபோது உனக்கு ஐந்து வயது. எனக்கு வகுப்பு இல்லை, பாடம் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. ஊர் அடங்கியிருந்த நாட்களில் நம் சந்துக்குள்ளேயே உன்னை ஒரு பழைய சைக்கிளில் ஏற்றிவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். "இடது பக்கம், வலது பக்கம், நேராப் பாரு, கீழே பாக்காதே" என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். நீ நேராகப் போய்ச் சாக்கடைக்குள் விழுந்தாய். எழுந்து சேற்றோடு நின்று, "நீங்க பேசாம வாங்கப்பா" என்றாய். அதற்குப் பிறகு விழவில்லை. கற்றுக்கொடுத்தேன் என்று சொல்கிறேனே தவிர, நான் வாயை மூடிய பிறகுதான் நீ கற்றுக்கொண்டாய்.

இனி நான் சொல்ல வந்தது. நான் ஓய்வுபெற்ற வருஷம், மழைக்காலம் முடிகிற சமயத்தில், "வண்டியில முன்சீட்டு காலியா இருக்குப்பா, வர்றீங்களா?" என்று கேட்டாய். நடு பர்மாவின் வறண்ட பூமிக்கு ஆறு நாள் பயணம். நான்கு வெளிநாட்டு விருந்தினர், ஐந்து மலைச் சைக்கிள், சாமான் ஏற்ற ஒரு பிக்கப் வண்டி. எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பூகோளம் நடத்தினேன். வறண்ட மண்டலத்தை வரைபடத்தில் மஞ்சள் சாக்கட்டியால் வரைந்து, மழை அறுத்த பள்ளத்தாக்கு என்றால் என்ன, மணலாறு என்றால் என்ன என்று எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். ஜன்னலுக்கு வெளியே அப்போது ரங்கூன் மழை கொட்டிக்கொண்டிருக்கும். அந்த மஞ்சள் பூமியை ஒரு நாளும் நான் கண்ணால் கண்டதில்லை. புறப்படும்போது பள்ளிக்கூட அலமாரியிலிருந்து எனக்குப் பிரிவுப் பரிசாகக் கிடைத்த பழைய நில அளவை வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் பயணத்துக்குப் பிறகு, பாகானுக்குத் தெற்கே தார்ச்சாலையை விட்டு இறங்கி, கள்ளிவேலிகளையும் பனைமரங்களையும் தாண்டி ஒரு மேட்டின் விளிம்பில் வண்டி நின்றது. நான் இறங்கிப் பார்த்தேன். பூமி அங்கே பிளந்து கிடந்தது. பத்து ஆள் உயரத்துக்குச் செம்மண் சுவர்கள், கத்தியால் வெட்டியது போல. சுவருக்குள் சுவர், இடுக்குக்குள் இடுக்கு. அடியில் வெள்ளை மணல் ஒரு ஆறு போலவே வளைந்து போனது, தண்ணீர்தான் இல்லை. சாக்கட்டியில் இதை எப்படி வரைந்தேன் என்று வெட்கமாக இருந்தது. நீயோ அந்த அழகைப் பார்க்கவே இல்லை. மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு சைக்கிளின் சக்கரத்தையும் கையால் சுற்றிக்கொண்டிருந்தாய். ஒரு டயருக்குள் கந்தல் துணியை விட்டுச் சுற்றிலும் இழுத்தாய். துணி ஓர் இடத்தில் மாட்டியது. அங்கே கண்ணுக்குத் தெரியாத இலந்தை முள் ஒன்று இருந்தது. "விரலை விட்டா விரல்ல ஏறும், துணியை விட்டா துணில மாட்டும்" என்று விருந்தினரிடம் ஆங்கிலத்தில் சொல்லி, அந்த முள்ளை எடுத்துக் காட்டினாய். நாற்பது பேர் வகுப்பில் நான் இவ்வளவு சுருக்கமாக ஒன்றையும் சொல்லிக்கொடுத்ததில்லை. இறக்கத்தில் இருக்கையைத் தாழ்த்தி, உடம்பைப் பின்னால் தள்ளி, அந்த மண்சுவர்களுக்கு நடுவே நீ முதல் ஆளாக இறங்கியபோது வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் கண்ணை மூடவில்லை. என் மகள் இறங்குவதை நான் பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பது?

உங்களை அனுப்பிவிட்டு நாங்கள் மூவரும் வண்டியில் சுற்றுவழியாகக் கூடாரம் போடும் இடத்துக்குப் போனோம். ஓட்டுநர் கோ தூராவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், எதற்கும் சிரிக்கிற மனிதர். சமையல்காரர் ஊ பா என் வயதுக்காரர். இருவரும் முதல் நிமிடத்திலிருந்தே என்னைச் "சயா" என்றுதான் கூப்பிட்டார்கள். வாத்தியாருக்கு இந்த நாட்டில் என்ன இடம் என்பது உனக்குத் தெரியும். புத்தர், தர்மம், சங்கம், பெற்றோர் என்ற அதே வரிசையில் ஆசிரியரையும் வைத்துக் கும்பிடுகிறவர்கள். எனக்குத் தண்ணீர் கொடுப்பதானால்கூட இரண்டு கையாலும் கொடுத்தார்கள். மணலாற்றின் கரையில் வண்டி நின்றதும் கோ தூரா என்னைக் கேட்டார். (அவர்கள் பேசியது பர்மிய மொழி. நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.) "கூடாரத்தை எங்க போடலாம், சயா?" நான் யோசிக்கவே இல்லை. ஆற்றின் நடுவில் மணல் மெத்தை மாதிரி இருந்தது, சமமாகவும் சுத்தமாகவும். கரை மேலே பார்த்தால் கல்லும் முள்ளும். "மணல்லயே போடுங்க, முதுகுக்குச் சுகமா இருக்கும்" என்றேன். அரை மணி நேரத்தில் ஆறு கூடாரமும் எழுந்தன. முளைகளை அடிக்கும்போது ஊ பா, "சயா படிச்சவரு, இடம் பாத்ததும் தெரிஞ்சிடுது" என்றார். அது எனக்கு இனித்தது.

நான்கரை மணிக்கு நீ விருந்தினரோடு வந்து சேர்ந்தாய். தலைக்கவசத்தைக் கழற்றாமலேயே கூடாரங்களைப் பார்த்தாய். அப்புறம் வடகிழக்கே பார்த்தாய். போப்பா மலைப் பக்கம் ஒரு மேகம் இருந்தது, கருப்பாக, ஆனால் வெகு தூரத்தில்.

"கோ தூரா, மேல மாத்துங்க" என்றாய்.

அவர் என்னைப் பார்த்தார். ஊ பாவும் என்னைப் பார்த்தார்.

"மழைக்காலம் முடிஞ்சு போச்சும்மா" என்றேன். "விளக்குத் திருவிழா போயி ரெண்டு வாரம் ஆச்சு. இந்தப் பூமியில வருஷத்துக்கு எவ்வளவு மழைன்னு எனக்குத் தெரியாதா?"

"இங்க பெய்யணும்னு இல்லப்பா. அங்க பெஞ்சாலே போதும். ஆறு இங்கதான் வரும்."

"தலைக்கு மேல வானம் நீலமா இருக்கே."

"அப்பா, தயவுசெஞ்சு" என்று தமிழில், தாழ்ந்த குரலில் சொன்னாய். பிறகு பர்மியத்தில், எல்லாருக்கும் கேட்கும்படி, "கோ தூரா, மேல மாத்துங்க" என்றாய். இரண்டாவது முறை.

அவர் அசையவில்லை. பாவம், அவர்மேல் தப்பில்லை. வாத்தியார் காட்டிய இடத்தில் அடித்த முளையை வாத்தியாரின் கண்ணெதிரிலேயே, அவர் வாய் திறந்து சரி என்று சொல்லாமல், அவரால் பிடுங்க முடியாது. ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வரைபடத்தை விரித்துக்கொண்டேன். அதைத்தான் இன்றுவரை நினைத்துப் பார்க்கிறேன், செல்வி. உன் பேச்சை யாரும் கேட்காத இடத்தில் உன்னை நிற்கவைத்தவன் நான். தங்கள் உயிரை உன் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிற நான்கு விருந்தினர்களின் முன்னால்.

நீ மூன்றாவது முறை சொல்லவில்லை. கத்தவில்லை. கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, என் கூடாரத்தின் முளைகளை முதலில் பிடுங்கினாய். ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாக. சுருட்டித் தோளில் போட்டுக் கரையேறிப் போனாய். திரும்பி வந்து அடுத்தது. நாள் முழுக்கச் சைக்கிள் மிதித்த கால்கள் மணலில் புதைந்து புதைந்து எழுந்தன. விருந்தினர்களில் நரைத்த முடிக்கார அம்மாள் ஒருவர் எழுந்து உனக்கு ஒரு முனையைப் பிடித்தார். பிறகு மற்ற மூவரும் பிடித்தார்கள். கோ தூரா தலையைக் குனிந்தபடி வண்டிக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அங்கே தேட ஒன்றும் இல்லை.

அன்று கல்மேல் படுத்தோம். முள்ளைக் கூட்டித் தள்ளிவிட்டுத்தான் படுத்தோம், ஆனாலும் எனக்கு முதுகு வலித்தது. வெள்ளம் வரவில்லை. காலையில் எழுந்து விளிம்புக்குப் போய்ப் பார்த்தேன். மணல் அப்படியே இருந்தது. நேற்று நாங்கள் முளை அடித்த துளைகள்கூட அப்படியே இருந்தன. தேநீர் குடிக்க எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது நான் பர்மியத்தில் சொன்னேன்: "ஊ பா, பாத்து நடங்க. ராத்திரி வந்த வெள்ளத்துல கால் நனைஞ்சிடப் போவுது." ஊ பா சிரித்தார். கோ தூரா ரொம்பவே சிரித்தார், நேற்றைய குற்றவுணர்ச்சியெல்லாம் தீர்ந்த சிரிப்பு. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விருந்தினர் கேட்க, நானே ஆங்கிலத்திலும் சொன்னேன். வகுப்பில் ஒரு பிள்ளை தப்பாக விடை சொன்னால் அதை வைத்துச் சிரிப்பு மூட்டக்கூடாது என்று எத்தனையோ இளம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவன் நான். அதுவும் நீ சொன்னது தப்பான விடையே இல்லை. நீ கோப்பையைக் கழுவிக்கொண்டே, "வரலன்னா நல்லதுதானேப்பா" என்று மட்டும் சொன்னாய்.

அந்தச் சிரிப்பின் பலன் அன்று பகலிலேயே தெரிந்தது. நீங்கள் பள்ளத்தாக்கு வழியாகச் சைக்கிளில் போவது, வண்டி ரோடு வழியாகச் சுற்றி வந்து பதினோரு மணிக்கு ஒரு கிராமச் சாவடியில் உங்களைச் சந்திப்பது என்பது ஏற்பாடு. குடிதண்ணீர் முழுக்க வண்டியில் இருந்தது. உங்களிடம் ஆளுக்கு இரண்டு போத்தல்தான். பாதி வழியில் நான் வரைபடத்தில் ஒரு மாட்டுவண்டிப் பாதையைக் கண்டுபிடித்தேன். மணலாற்றைக் கடந்து நேராகச் சாவடிக்குப் போகிற மாதிரி இருந்தது. தூரம் பாதி மிச்சம். "மா தீரி ரோட்டுலதான் போவணும்னு சொன்னாங்களே" என்றார் கோ தூரா. பள்ளிக்கூடப் பதிவில் உனக்கு மா தீரி என்று நான்தானே பெயர் கொடுத்தேன், அந்தப் பெயரில்தான் அவர்களுக்கு நீ தெரியும். "மா தீரி வெள்ளம் வரும்னும்தான் சொன்னா" என்றேன் நான். அவர் சிரித்தார். "அதுவும் சரிதான், சயா" என்று வண்டியைத் திருப்பினார்.

ஆற்றின் நடுவில் பின்சக்கரங்கள் இறங்கின. முடுக்க முடுக்க இன்னும் இறங்கி, அச்சு மணலைத் தொட்டது. கோ தூராவும் ஊ பாவும் தோண்டினார்கள். முழங்கை ஆழத்தில் மணல் ஈரமாக இருந்தது. அது பழைய மழையின் ஈரமா, நேற்று அந்த மேகம் எங்கோ கொட்டியதன் ஈரமா என்று எனக்குத் தெரியாது. வாத்தியாருக்குத் தெரியாது என்று எழுதுகிறேன், பார்த்துக்கொள். முள்மரக் கிளைகளை வெட்டிச் சக்கரத்தின் அடியில் போட்டார்கள். பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. வெயில் அந்தச் சுவர்களுக்கு நடுவே அடுப்பு மாதிரி இறங்கியது. எனக்குப் பின்னால் தண்ணீர் கேன்கள் வரிசையாக இருந்தன. ஒன்றைக்கூட நான் திறக்கவில்லை. நீங்கள் ஐந்து பேரும் எங்கோ நாக்கு வறண்டு கிடப்பீர்கள், நான் எப்படிக் குடிப்பேன்? அந்த இரண்டு மணி நேரத்தில் என் மனத்தில் ஓடியதை மலரில் போடும்படி எழுதத் தெரியவில்லை.

நீ தனியாக வந்தாய். மேட்டில் முதலில் தலைக்கவசம் தெரிந்தது, பிறகு நீ. ரோட்டிலிருந்து எங்கள் சக்கரத்தடம் பிரிந்த இடத்தைக் கண்டுபிடித்து அதன்மேலேயே வந்திருக்கிறாய். விருந்தினரைச் சாவடியின் நிழலில் உட்கார வைத்துவிட்டு, வழிப்போக்கருக்கென்று கிராமத்தார் வைத்திருக்கும் பானைத் தண்ணீரைப் போத்தல்களில் ஊற்றி, சுத்திகரிப்பு மாத்திரை போட்டு, கடிகாரத்தைக் காட்டி, அரை மணி நேரம் ஆகும்வரை ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது என்று அவர்களைக் கட்டுப்படுத்தி வைத்திருந்துவிட்டுத்தான் எங்களைத் தேடி வந்தாய் என்பதெல்லாம் பின்னால் அந்த அம்மாள் சொல்லித் தெரிந்துகொண்டேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப்போல நால்வரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

சைக்கிளைச் சாய்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தாய். "அப்பா, தண்ணி குடிச்சீங்களா?"

"இல்லம்மா."

"ஏன்?"

நான் கேன்களைத் திரும்பிப் பார்த்தேன். நீயே ஒரு கேனைத் திறந்து, மூடியில் ஊற்றி என் வாய்க்கு அருகில் வைத்தாய். நான் குடித்து முடிக்கும்வரை வேறு எதையும் பார்க்கவில்லை. பிறகுதான் திரும்பினாய்.

"வண்டியை யார் திருப்பச் சொன்னது?"

"நான்தான், மா தீரி" என்றார் கோ தூரா. "குறுக்குவழின்னு நெனச்சேன்."

நான் அங்கே இருந்தேன். எனக்கு நாக்கும் இருந்தது, அதில் ஈரமும் அப்போதுதான் ஏறியிருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. வாத்தியாரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவர் தன் வேலையைப் பணயம் வைத்தார். வழி மாறிய ஓட்டுநரை அடுத்த பயணத்துக்குக் கம்பெனி கூப்பிடாது என்பது எனக்கும் தெரியும். வீட்டில் மூன்று பிள்ளைகள் என்று காலையில்தான் என்னிடம் சொல்லியிருந்தார். நீ அவரைப் பார்த்தாய். என் மடியில் விரிந்து கிடந்த வரைபடத்தைப் பார்த்தாய். மண்வெட்டியை எடுத்தாய். சக்கரங்களில் பாதிக் காற்றைத் திறந்துவிட்டு, கூடாரத் துணிகளை மடித்து அடியில் விரித்து, இரண்டு மணிக்கு வண்டியைக் கரையேற்றினாய்.

சாயங்காலம்வரை நான் அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டிருந்தேன். அன்று கூடாரம் போட்ட இடம் ஒரு கடலைக் காட்டின் மேட்டு வரப்பு. இடத்தை நீ காட்டினாய், யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஊ பா சோறு வடித்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்து சொல்ல முடியாது என்று தோன்றியது. விருந்தினருக்கும் புரியட்டும் என்று முதலில் ஆங்கிலத்திலும், பிறகு பர்மியத்திலும் சொன்னேன். "வண்டியைத் திருப்பச் சொன்னது நான். கோ தூரா வேண்டாம்னுதான் சொன்னார். நேத்துக் கூடாரத்தை ஆத்துல போடச் சொன்னதும் நான். மா தீரி மாத்தச் சொன்னப்ப வாய மூடிக்கிட்டு இருந்ததும் நான். காலையில நான் சொன்ன வேடிக்கை வேடிக்கை இல்ல. வெள்ளம் வராததால அவ சொன்னது தப்பாயிடாது."

"சயா, வேண்டாம், சயா. உக்காருங்க" என்று கோ தூரா பாதி எழுந்தார். முகமெல்லாம் வியர்த்திருந்தது. வாத்தியார் மன்னிப்புக் கேட்பதைப் பார்ப்பது அவருக்கு அவ்வளவு கஷ்டம்.

நீ அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாய். பிறகு என்னிடம் இல்லை, அவரிடம் கேட்டாய். "கோ தூரா, இனிமே யாராவது வழியை மாத்தச் சொன்னா?"

"பெரிய மடத்துச் சாமியாரே முன்சீட்டுல உக்காந்து சொன்னாலும் உங்களைக் கேட்டுட்டுத்தான், மா தீரி."

"சாமியார் வேண்டாம்" என்றார் ஊ பா கரண்டியோடு. "சாமியாருங்க மதியத்துக்கு மேல சாப்பிட மாட்டாங்க, நமக்கும் சோறு கெடையாது." எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். சோற்றுத் தட்டை என்னிடம் நீட்டும்போது தமிழில், மெதுவாக, "காலையில நானும் சிரிச்சிருக்கணும்பா. முயற்சி பண்ணேன். வரல" என்றாய். தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து வண்டி புறப்படும் முன் தண்ணீர் கேன்களை எண்ணி உன்னிடம் சொல்லும் வேலையை எனக்குக் கொடுத்தாய். "பதினாலு, மா தீரி" என்று மற்றவர்களைப்போலவே நானும் சொன்னேன். ஓய்வுபெற்ற பிறகு எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது. முதல் தடவை சொல்லும்போது மட்டும் நாக்கு கொஞ்சம் தடுக்கியது. எண்ணத் தொடங்கிய மூன்றாம் நாள், எண்ணிக்கையை இன்னொரு முறை பாருங்கள் என்று என்னைத் திருப்பி அனுப்பினாய். பார்த்தேன், ஒன்று குறைந்தது.

ரங்கூன் வந்ததும் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய பயண அறிக்கையை எழுதி, "பிழை இருந்தா திருத்துங்கப்பா" என்று மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாய். நான் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். இரண்டாம் பக்கத்தில் இருந்தது: மூன்றாம் நாள் தண்ணீர் வண்டி மூன்று மணி நேரம் தாமதம். காரணம், குழுத் தலைவரின் தந்தை வழியை மாற்றச் சொன்னார். ஓட்டுநர்மேல் தவறில்லை. உறவினரை அழைத்து வந்ததும், முந்தின நாளே அதைச் சரிசெய்யாமல் விட்டதும் குழுத் தலைவரின் தவறு. இனி முன்சீட்டில் உறவினரை ஏற்றக் கூடாது என்று பரிந்துரைக்கிறேன். அவ்வளவுதான். என்னைக் காப்பாற்ற ஒரு சொல்லும் இல்லை, குத்திக்காட்ட ஒரு சொல்லும் இல்லை. அந்தப் பக்கத்தில் இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன. இரண்டையும் திருத்தினேன். வாக்கியத்தைத் தொடவில்லை. என் வாழ்நாளில் நான் திருத்திய தாள்களிலேயே நல்ல தாள் அதுதான். மதிப்பெண் போடும் வழக்கம் விட்டுப்போனதால் போடவில்லை.

இப்போது ஓமானில் உன்னைக் குழுத் தலைவியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே வறண்ட பள்ளத்தாக்குகளை வாதி என்கிறார்களாம். நம் மணலாற்றுக்கு அண்ணன், மலை உயரத்துக்குக் கற்சுவர் என்று நீ படம் காட்டினாய். அங்கேயும் உன் குழுவில் உன்னைவிட வயதில் பெரியவர்கள் இருப்பார்கள். உன்னைவிட நன்றாக அந்த ஊர் தெரிந்தவர்கள் இருப்பார்கள், அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள். ஆனால் வரைபடத்தை மட்டும் தெரிந்த ஒருவரும் எங்காவது முன்சீட்டில் உட்கார்ந்திருப்பார். மரியாதைக்குரியவராகத்தான் இருப்பார். அவரிடம் மரியாதையாகப் பேசு, அவர் அடித்த முளையைப் பிடுங்கு. பத்து முறை நீ மேட்டில் கூடாரம் போடச் சொல்வாய், பத்து முறையும் ஆறு காய்ந்தே கிடக்கும், பத்து முறையும் காலையில் யாராவது சிரிப்பார்கள். பதினோராவது முறையும் மேட்டிலேயே போடு. நீ சொன்னது சரிதான் என்று காட்ட ஆறு வந்து சாட்சி சொல்ல வேண்டியதில்லை. சாட்சி இல்லாமலே சரியாக இருப்பது கஷ்டமான வேலை. நான் முப்பத்திரண்டு வருஷம் விடைத்தாள் பார்த்தவன், எல்லாக் கேள்விக்கும் பின்பக்கத்தில் விடை இருக்கும் என்று பழகிவிட்டேன். நீ விடை அச்சிடாத புத்தகத்தில் படித்தவள். அந்தப் பெருமையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல்தான் இவ்வளவு நீளமாக எழுதிவிட்டேன்.

கோ தூரா நேற்றுப் படகுத்துறைப் பக்கம் என்னைப் பார்த்து, விமான நிலையத்துக்குத் தன் வண்டியிலேயே உன்னைக் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருக்கிறார். நான் பின்சீட்டில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் முன்பு உன் அம்மா அடுப்பங்கரையிலிருந்து தலையை நீட்டி, "ஏங்க, காலையில எத்தனை மணிக்குக் கெளம்பணும்?" என்று கேட்டாள்.

"செல்வியைக் கேளு" என்றேன்.

உன் அப்பா